மலைச்சாலை வண்டியும் கியர் எண்ணெயும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறி வருவோர், கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தலையை வெளியே நீட்டிக் கீழே பார்ப்பது வழக்கம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஓடுவதைக் காணலாம். இஞ்சினின் பல்சக்கரம் அப்பற்களைக் கவ்விக்கொண்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகின்றது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்துசேர்ந்த இப்பாதை, கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12½ அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏறுகின்றது. பல்லும் பல்லும் கவ்வி ஏறும் அந்தக் காட்சியைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை.

அதே வேலை, யார் கண்ணுக்கும் படாமல், இம்மலையில் ஓடும் ஒவ்வொரு பிக்-அப் வண்டியின் வயிற்றிலும் நடைபெறுகின்றது. காலையில் காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், மாலையில் பச்சைத் தேயிலை மூட்டைகளைச் சுமந்துகொண்டு தொழிற்சாலைக்கு ஏறுவதும் அந்த வண்டிகளே. அவற்றின் கியர் பெட்டியில் உள்ள எண்ணெயைப் பற்றியே இக்கட்டுரை. கலைக் கல்லூரி மலரில் எண்ணெய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் ஆய்வகத்தில் ஆமணக்கெண்ணெய் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் சிறு எஃகுக் குண்டுகளைப் போட்டு ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலை காண்கிறோம் அல்லவா? அந்தக் குழாயிலிருந்து என் தாய்மாமனின் பிக்-அப் வண்டிக்கு அதிகத் தொலைவு இல்லை.

மாமாவின் வண்டி 2004-ஆம் ஆண்டுப் பதிவு. மூன்றாவது கையாக வாங்கியது. மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுகின்றது. மஞ்சூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையைக் கொள்முதல் நிலையங்களில் சேகரித்துத் தொழிற்சாலையில் சேர்ப்பது அதன் தொழில். சென்ற ஆண்டு ஐப்பசியிலிருந்து, விடியற்காலையில் இரண்டாவது கியர் விழ மறுத்தது. மூன்றாவதில் ஏறும்போது ஒரு மெல்லிய முனகல் கேட்டது. எண்ணெயை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது.

கொள்முதல் நிலையத்தில் கூடும் ஓட்டுநர்கள் அனைவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பழைய பெட்டிக்குப் பழைய எண்ணெய்தான் உயிர், புதியதை ஊற்றினால் ஒரு வாரத்தில் பெட்டி போய்விடும் என்பது அவர்கள் கருத்து. இன்னாருடைய வண்டிக்கு அப்படித்தான் ஆயிற்று என்று ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். மாமாவும் அதை நம்பினார். "ஓடற வண்டியை எதுக்கு நோண்டறே, மாப்ளே?" என்றார்.

அவர் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பறித்த கொழுந்து மூட்டையில் நெடுநேரம் அடைபட்டிருந்தால் உள்ளே வெப்பம் ஏறிச் சிவந்துவிடும். சிவந்த இலையைத் தொழிற்சாலை எடுக்காது. எடுத்தாலும் விலை குறையும். வண்டி இரண்டு நாள் நின்றால் விவசாயிகள் வேறு வண்டியைத் தேடிக்கொள்வார்கள். போனவர்கள் திரும்பி வருவது அரிது. கியர் பெட்டி நின்றுவிட்டால் மாமாவின் வீட்டில் இரு பிள்ளைகளின் படிப்பும் அதனுடன் நிற்கும். ஆகவே, ஓட்டுநர்கள் சொல்வது சரியா என்று ஆராய்வது அவசியமாயிற்று.

முதலில் கியர் பெட்டி என்ன செய்கின்றது என்று காண்போம். இஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் அதன் முறுக்குவிசை மலை ஏறப் போதாது. சிறு பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகும். முதல் கியரில் இஞ்சின் ஏறத்தாழ நான்கு முறை சுழல, வெளித்தண்டு ஒரு முறை சுழல்கின்றது. இது பள்ளிப் பாடம். பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. இவ்வகை வண்டிகளின் பெட்டியில் நான்காவது கியர் பெரும்பாலும் நேரடி இணைப்பு. உள்ளே வரும் தண்டும் வெளியே செல்லும் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பற்களின் மேல் சுமை ஏறக்குறைய இல்லை. மற்ற கியர்களிலோ விசை ஒரு சோடிப் பற்கள் வழியாகக் கீழ்த்தண்டுக்கு இறங்கி, மற்றொரு சோடி வழியாக மேலே ஏறி வெளியேறுகின்றது.

இதன் பொருள் யாது? கோவையிலிருந்து சேலம் செல்லும் வண்டி பெரும்பகுதி நேரம் நான்கிலோ அதற்கு மேலோ ஓடும். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கி ஏறும் வண்டி இரண்டிலும் மூன்றிலுமே காலந்தள்ளும். இரண்டு வண்டிகளும் ஒரு இலட்சம் கிலோமீட்டர் காட்டினாலும், மலை வண்டியின் பற்கள் பட்ட பாடு பன்மடங்கு. போதாக்குறைக்கு இறக்கம் வேறு. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் இறங்க வேண்டும் என்று சாலையோரப் பலகைகள் எச்சரிக்கின்றன. அப்போது இஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. சக்கரம் இஞ்சினைச் சுழற்றுகின்றது. பல்லின் ஒரு முகம் ஏற்றத்தில் சுமை தாங்குகின்றது என்றால், மறு முகம் இறக்கத்தில் தாங்குகின்றது. சமவெளி வண்டியில் அந்த மறு முகம் புதுப்பொலிவுடன் இருக்கும். நம் மலை வண்டியில் இரண்டு முகமும் தேயும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திற்கும் உதகைக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். சுமையுடன் 2,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி அவ்வுயரம் ஏறச் செய்யும் வேலை, 2,500-ஐ 9.8-ஆலும் 1,900-ஆலும் பெருக்கக் கிடைப்பது: ஏறத்தாழ 46 மில்லியன் ஜூல். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே கியர் பெட்டியில் உராய்வால் வீணாகின்றது எனக் கொள்வோம். அதுவே சுமார் 14 இலட்சம் ஜூல். 20 டிகிரியில் உள்ள நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இந்த வெப்பம் முழுவதும் முதலில் சென்று சேர்வது இரண்டு லிட்டர் சொச்சம் எண்ணெயில். எண்ணெய் அதைப் பெட்டியின் சுவருக்குக் கடத்துகின்றது. சுவர் காற்றுக்கு விடுகின்றது. ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து செல்வதால் அந்தக் காற்றும் குறைவு.

வெப்பம் எண்ணெயை எப்படிக் கெடுக்கின்றது? காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி எண்ணெய் மெல்ல மெல்ல ஆக்சிகரணம் அடைகின்றது. வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியல் நண்பர்கள் நன்கறிந்த தோராய விதி. எண்ணெய் கறுத்து, தடித்து, அமிலமும் பிசினும் சேர்கின்றன. ஆகவே எண்ணெய்க்கு வயது உண்டு. அதைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்க இயலாது.

இனி, எண்ணெயின் வேலை வழுக்குவது மட்டும்தான் என்ற எண்ணத்தை நாம் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்கள் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பற்கள் நறநறக்காமல் இணையும். 1928-இல் கேடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் அமைப்பு இதற்கானதே. அதில் ஒரு பித்தளைக் கூம்பு வளையம் எஃகுக் கூம்பின் மேல் அழுந்தி, உராய்ந்து, அதன் வேகத்தைத் தன் வேகத்துக்கு இழுத்து வருகின்றது. உராய்வு இல்லாவிட்டால் இந்த வேலை நடவாது. பற்களிடையே வழுக்க வேண்டிய அதே எண்ணெய், இந்த வளையத்தில் பிடிப்பையும் கெடுக்காதிருக்க வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்ற இந்த இரட்டைக் கடமைதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

பற்களின் மேல் அழுத்தம் மிகும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அப்போது எஃகு எஃகைத் தொட்டு ஒட்டிக்கொள்ளாதிருக்க, கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்களை எண்ணெயில் கலக்கிறார்கள். சூடேறிய இடத்தில் அவை இரும்புடன் வினைபுரிந்து மெல்லிய படலமாகி, தாம் தேய்ந்து பல்லைக் காக்கின்றன. பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் வழுக்கிச் சுழல்வதால் இச்சேர்மங்கள் மிகுதியாக வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரப்படி அது ஜி.எல்.5. சிங்க்ரோ வளையம் உள்ள கியர் பெட்டிக்கு ஏறத்தாழ அதில் பாதியளவு போதும்; அது ஜி.எல்.4. பெட்டிக்கு ஜி.எல்.4 என்று கையேடு கூறியிருக்க, அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று ஐந்தை ஊற்றுவது பலருக்கு வழக்கம். கந்தகம் சூட்டில் பித்தளையைத் தாக்கும். பல்லைக் காக்கப் போய் வளையத்தைத் தின்னக் கொடுப்பதாக முடியும். மாமாவின் கொட்டகையில் முன்பு ஊற்றிய எண்ணெயின் காலித் தகரம் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன், ஜி.எல்.5 என்றிருந்தது. ஊற்றியவர் யார் என்பது இப்போது தேவையில்லாத ஆராய்ச்சி.

குளிரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஆமணக்கெண்ணெயின் பாகுநிலை 10 டிகிரியில் உள்ளதைவிட 30 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகின்றது. தை மாதக் காலையில் எங்கள் ஆய்வகத்தில் குண்டு இறங்குவதற்குள் ஒரு தேநீர் அருந்திவிட்டு வரலாம் என்று நண்பர்கள் கேலி பேசுவது இதனால்தான். உறைபனி விழும் விடியற்காலையில் கெட்டித்துப்போன எண்ணெய், சிங்க்ரோ வளையத்துக்கும் கூம்புக்கும் இடையிலிருந்து விலகிக் கொடுப்பதில்லை. அதனால் இரண்டாவது கியர் விழ மறுக்கின்றது. அதே எண்ணெய் நண்பகலில் மேட்டுப்பாளைய வெயிலில் நீர்த்துப் போகக்கூடாது. எண்ணெய்த் தகரத்தில் 80 டபிள்யூ-90 என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண் குளிரில் அதன் தன்மையையும், இரண்டாம் எண் சூட்டில் அதன் தன்மையையும் கூறுகின்றன. வெறும் 90 என்று மட்டும் இருந்தால் குளிருக்கு உறுதி எதுவும் இல்லை. ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் கடக்கும் நம் வண்டிகளுக்கு முதல் எண் மிக முக்கியம்.

இப்போது ஓட்டுநர்களின் நம்பிக்கைக்கு வருவோம். இதற்கு எனக்கு உதவியவர், மஞ்சூர் சாலையில் பட்டறை வைத்துள்ள ஒரு மெக்கானிக் அண்ணன். பல ஆண்டுகள் சவூதியில் பிக்-அப் வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "இந்தப் பேச்சை நான் அங்கேயும் கேட்டிருக்கேன் தம்பி. ஆனா அங்கே அது ஆட்டோமேட்டிக் வண்டியைப் பத்தின பேச்சு" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வழியைத் திறந்துவிட்டது.

தன்னியக்கக் கியர் பெட்டியில் கால் கிளட்ச் இல்லை. இஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே எண்ணெயே இணைப்பு. ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றியடிக்க, அந்த எண்ணெய் எதிரே உள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றும். உள்ளே கோள்கள் சூரியனைச் சுற்றுவது போன்ற அமைப்பில் பல்சக்கரங்கள். அவற்றைப் பிடித்து நிறுத்தவும் விடுவிக்கவும் எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகள். அத்தட்டுகளை அழுத்துவதும் எண்ணெயின் அழுத்தமே. 1940-ஆம் ஆண்டு மாடலாக 1939-இல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ரமேட்டிக்தான் பெருமளவில் விற்பனையான முதல் தன்னியக்கப் பெட்டி. அதற்குரிய எண்ணெய்க்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் 'டைப் ஏ' என்று தரம் வகுத்தது. 1960-களின் பிற்பகுதியில் டெக்ஸ்ரான் வந்தது. கசிந்தால் இஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்தறியச் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். நம் ஊர்ப் பிக்-அப்களில் கியர் பெட்டி தன்னியக்கம் அன்று என்றாலும், பலவற்றின் பவர் ஸ்டியரிங் கலத்தில் இதே சிவப்பு எண்ணெயைக் காணலாம்.

இங்கும் அதே இரட்டைக் கடமை, இன்னும் கூர்மையாக. தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும் நொடியில் குலுங்காமல் வழுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் வழுக்கவே கூடாது. இந்த நயத்தைத் தருவதற்கு அக்காலத்தில் எண்ணெயில் சேர்த்த பொருள் எது தெரியுமா? எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு! அத்திமிங்கிலத்தைக் காக்க 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை விதித்ததும், எண்ணெய் நிறுவனங்கள் மாற்றுச் சேர்மங்களைத் தேடி ஓட நேர்ந்தது. பெருங்கடலில் வாழும் ஓர் உயிரும் பெருநகர்க் காரின் கியரும் இப்படித் தொடர்புகொண்டிருந்தன என்பதை அறிந்தபோது நான் பட்ட வியப்பு சிறிதன்று.

இத்தகைய பெட்டியில் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் மாற்றாவிட்டால் தட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்து தூளாகி எண்ணெயில் மிதக்கும். அந்தத் தூளே தேய்ந்த தட்டுக்குக் கடைசிப் பிடிப்பைக் கொடுக்கின்றது, புது எண்ணெய் அதைக் கழுவிவிட்டால் தட்டு வழுக்கும் என்று பட்டறைகளில் விளக்கம் சொல்வார்கள். இயந்திர அழுத்தத்தால் எண்ணெயைப் பாய்ச்சிக் கழுவினால், ஒட்டியிருந்த கசடு பெயர்ந்து நுண்ணிய வழிகளை அடைக்கும் என்பது மற்றொரு விளக்கம். இரண்டிலும் உண்மையின் சாயல் உண்டு. ஆனால் அந்த நிலைக்கு வந்த பெட்டி ஏற்கெனவே சாகக் கிடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மக்கள் எப்போது எண்ணெயை மாற்றுகிறார்கள்? கோளாறு தலைகாட்டிய பிறகே. மாற்றிய மறு வாரம் பெட்டி நின்றால் பழி எண்ணெய் மேல் விழுகின்றது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது.

அண்ணன் சவூதியில் கைக்கொண்ட முறை எனக்குப் பிடித்தது. மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய தன்னியக்க வண்டி வந்தால் முதலில் அளவுக்கோலை உருவி முகர்ந்து பார்ப்பாராம். பழுப்பாக இருந்தால் பரவாயில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, கியர் ஏற்கெனவே வழுக்கினால், எண்ணெய் மாற்றுவதால் பயனில்லை, பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் அப்போதே சொல்லிவிடுவார். வழுக்கல் இல்லையெனில், கழுவும் இயந்திரத்தைத் தொடாமல், அடித்தட்டைக் கழற்றி வடித்து, வடிகட்டியை மாற்றி, காந்தத்தைத் துடைத்து, வடிந்த அளவே புது எண்ணெய் ஊற்றுவார். அவ்வாறு வடிப்பதில் முழு எண்ணெயும் வராது. விசிறிக் கூட்டுக்குள் பெரும்பகுதி தங்கிவிடும். பத்து லிட்டரில் நான்கு வடிந்தால் பழையது நூற்றுக்கு 60 பங்கு மிஞ்சும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி அவ்வாறே செய்தால் 36 பங்கு. மூன்றாம் முறை 21.6. பெருக்குத் தொடர் என்று நாம் கரும்பலகையில் எழுதுவதை அவர் கணக்குப் படிக்காமலே கையாண்டிருக்கிறார். பெட்டியும் அதிர்ச்சியடையாமல் புது எண்ணெய்க்குப் பழகிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2014 முதல் நம் நாட்டுச் சிறு கார்களில் ஏ.எம்.டி. என்ற பெயரில் வரும் பெட்டி, உள்ளே சாதாரணக் கைக் கியர் பெட்டியே. கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கின்றது. பெயரைப் பார்த்து அதில் சிவப்பு எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது.

ஆக, ஓட்டுநர்களின் நம்பிக்கை வேறொரு வகைப் பெட்டியில் பிறந்தது; அங்கேயே பாதி உண்மை. கைக் கியர் பெட்டியில் அந்தப் பாதியும் இல்லை. இதில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டு கிடையாது. எண்ணெயில் மிதக்கும் உலோகத் தூள் எதையும் பிடித்துக்கொடுப்பதில்லை. பேரிங்குகளை அரம்போல அராவுகின்றது. மாமாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க மூன்று மாலை நேரங்கள் ஆயின. கடைசியில் அவர் இணங்கியது என் வாதத்தால் அன்று. வண்டி நின்றால் பெட்டியைத் தாமே இறக்கித் தருவதாக அண்ணன் சொன்ன வாக்கே அவரை அசைத்தது.

தேயிலைத் தொழிற்சாலைக்கு விடுமுறையான ஒரு நாளில் வேலையைத் தொடங்கினோம். முதலில் வண்டியை அரைமணி நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கினோம். சூட்டில்தான் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வடியும். நம் ஊரில் சமதளம் தேடுவதே பெரும்பாடு. வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெய் மட்டம் பொய் சொல்லும் என்பதால், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். நான் கீழே உள்ள வடிகால் பிளக்கில் ஸ்பேனரை வைக்கப் போனபோது அண்ணன் கையைத் தடுத்தார். "ஊத்துற வழி தொறக்குதான்னு பாத்துட்டுத்தான் தம்பி வடிக்கிற வழியைத் தொறக்கணும்" என்றார். பக்கவாட்டில் உள்ள ஊற்றும் பிளக் துருவேறித் திறக்க மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டியுடன் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். எவ்வளவு எளிய நுட்பம்! எந்தக் கையேட்டிலும் நான் இதைக் கண்டதில்லை.

ஊற்றும் பிளக் திறந்தது. பிறகு வடிகாலைத் திறந்தோம். கறுப்புத் தேன்பாகு போல வடிந்தது. எண்ணெயைப் படிக்க அண்ணன் கற்றுக்கொடுத்தார். விரலில் தொட்டு வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கின்றது. பொன்னிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ வளையம் தேய்கின்றது. சாம்பல் நிறக் குழம்பு காந்தத்தில் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் எஃகுச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கின்றது. எங்கள் எண்ணெயில் பொன்னிறம் மின்னியது. சில்லு இல்லை. வடிந்ததை அளந்தபோது, கையேடு கூறிய அளவில் முக்கால் பங்கே இருந்தது. பின்புற எண்ணெய் சீலில் கசிவு. வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது எண்ணெய் பெட்டியின் பின்பக்கம் சேரும். குறைந்த எண்ணெய் என்றால் முன்பக்கப் பேரிங் காய்ந்து சுழலும். மூன்றாவது கியரில் கேட்ட முனகலுக்கு அண்ணன் சொன்ன காரணம் இதுவே.

சீலை மாற்றினோம். வடிகால் பிளக்கின் வளையத்தைப் புதிதாக இட்டோம். பெட்டியின் தலைமேல் இருக்கும் சிறு மூச்சுக் குழலைச் சேறு அடைத்திருந்தது. அதைக் குத்திச் சுத்தம் செய்தோம். அது அடைபட்டால் சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் கசியும். கசிவுக்கு முதற்காரணமே இதுவாக இருக்கலாம். பின்னர் ஜி.எல்.4 தரத்தில் 80 டபிள்யூ-90 எண்ணெயை, பக்கவாட்டுத் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றி மூடினோம். அதற்கு மேல் ஊற்ற வேண்டியதில்லை. அதிகமானால் நுரைத்து மூச்சுக் குழல் வழியே வெளியேறும்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாமா ஓட்டினார்; நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். முதல் மைல் வரை இரண்டாவது கியர் சற்று முரண்டியது; பிறகு விழுந்தது. பத்து நாளில் முரண்டு பெரிதும் குறைந்தது. தேய்ந்த பித்தளையை எண்ணெய் திரும்பத் தராது. ஆகவே முற்றும் மறையவில்லை. மூன்றாவது கியரின் முனகல் தாழ்ந்தது, போகவில்லை. அந்தப் பேரிங்கை வரும் மழைக்காலத்தில், இலை குறைவாக வரும் வாரமாகப் பார்த்து மாற்றுவது என்று மாமாவும் அண்ணனும் பேசி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வடித்துப் பார்த்தோம். எண்ணெய் தெளிவாக இருந்தது. பொன்னிறம் மிகச் சிறிதே. அதன்பின் இதுவரை பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கின்றது.

சில நிறுவனங்கள் தங்கள் பெட்டி எண்ணெய் ஆயுள் முழுமைக்கும் போதும் என்று எழுதுகின்றன. யாருடைய ஆயுள் என்பதை எழுதுவதில்லை. வண்டியை முதலில் வாங்கியவருக்கு அது உண்மையாக இருக்கலாம். மூன்றாவது கையாக வாங்கி மலையில் ஓட்டுபவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. கையேடு கடினப் பயன்பாடு என்று தனியே ஒரு கால அளவு கொடுத்திருந்தால், நம் மலை வண்டிகள் அனைத்தும் அந்த வகையே என்று கொள்ளலாம்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடையோரத்தில் கொட்டுவதும், வேலிக் கம்பங்களுக்குப் பூசுவதும் இங்கே சாதாரணம். நம் ஓடைகள் பவானியில் சேர்பவை; கீழே உள்ள ஊர்களுக்கு அவையே குடிநீர். தேயிலைச் செடி மேல் பட்டால் அந்த இலையை யாரும் வாங்கமாட்டார்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். நாங்கள் மூடியுள்ள தகரத்தில் அடைத்து அண்ணனின் பட்டறையில் வைத்தோம். அவர் பீப்பாய் நிறைந்ததும் மறுசுழற்சிக்காரரின் வண்டியில் ஏற்றிவிடுவார். இலை மூட்டை ஏறும் பின்தட்டில் ஒரு சொட்டும் விழாதபடி மாமா சாக்கு விரித்துக் காவல் நின்றார். ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில், எண்ணெய் மாற்றிய நாளும் கிலோமீட்டரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அதன் கீழே அடுத்த வரிக்கு இடம் விட்டிருக்கிறார்.